மருத்துவக் கோடிங்கில், அதாவது டாக்டர் குறிப்புகளைப் படித்து நோய்களுக்குக் குறியீடு (கோடு) போடும் வேலையில், பிழை குறைய கோடர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் போதுமா?

போதாது. அமெரிக்க மருத்துவமனைகளை வைத்தே சொல்கிறேன். சென்னையில் நிறையப் பேர் செய்வதும் அவர்களுக்கான கோடிங்தானே. பல பிழைகள் டாக்டர் எழுதும் குறிப்பிலேயே தொடங்கிவிடுகின்றன.

'யூரோசெப்சிஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்த் தொற்றையும் குறிக்கலாம், அதிலிருந்து வரும் செப்சிஸையும் குறிக்கலாம். டாக்டர்கள் சர்வசாதாரணமாக எழுதுவார்கள். ஆனால் 2015 அக்டோபர் முதல் அங்கே நடைமுறையில் இருக்கும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் அதற்கென்று கோடே கிடையாது. வெறும் சிறுநீர்த் தொற்று என்றால் என்39.0. தொற்று செப்சிஸாகவே, அதாவது உடல் உறுப்புகளையே பாதிக்கும் உயிராபத்தான நிலையாகவே மாறியிருந்தால், கிருமி தெரியாதபோது ஏ41.9. இரண்டுக்கும் நோயின் தீவிரத்திலும் பில் தொகையிலும் பெரிய வித்தியாசம். ரத்தத்தில் லேக்டேட் கூடியிருக்கிறது, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று செப்சிஸுக்கான அறிகுறிகள் கோடர் கண்ணுக்குத் தெரிந்தாலும், அவராக 'செப்சிஸ்' என்று முடிவு செய்யக் கூடாது. டாக்டரிடம் கேட்டே ஆகவேண்டும்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "இது செப்சிஸ்தானே?" என்று கேட்டால் அது பதிலை வாயில் ஊட்டுவது, தணிக்கையில் மாட்டும். பரிசோதனை முடிவுகளைக் காட்டி, 'செப்சிஸ், சிறுநீர்த் தொற்று மட்டும், வேறு, தீர்மானிக்க இயலவில்லை' என்று தெரிவுகளைக் கொடுப்பதே சரி.

அதையும் நோயாளி வார்டில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகி மூன்று வாரம் கழித்துக் கேட்டால் எந்த டாக்டருக்கு நினைவிருக்கும்? அப்புறம், நேற்றைய குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டும் பழக்கம். முதல் நாள் 'நிமோனியா சந்தேகம்' என்று எழுதியது, எக்ஸ்ரேயில் இல்லை என்று தெரிந்த பிறகும் டிஸ்சார்ஜ் சுருக்கம் வரை ஒட்டிக்கொண்டே வரும். உள்நோயாளி விதிப்படி கடைசி வரை 'சந்தேகம்' என்றிருந்தால் அதை நோய் இருப்பதாகவே கோடு செய்வார்கள். இதில் கோடரைக் குறைசொல்லி என்ன பயன்?