வாசகர் கேள்வி–பதில்: பட்டில் நிற்கும் செடிச் சாயம்

கேள்வி: நாங்கள் தலைமுறைகளாக நெசவு செய்யும் சௌராஷ்டிரக் குடும்பம். பாட்டியின் கல்யாணப் பட்டு அரக்குச் சிவப்பில் இன்றும் நிறம் மங்காமல் இருக்கிறது. அது சாயவேரில் தோய்த்த பட்டு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அதே முறையில் என் மகளுக்கு ஒரு சேலை நெய்ய முடியுமா?
– வாசகி, அய்யம்பேட்டை

பதில்: இயற்கைச் சாயத்தில் சிவப்புப் பட்டு நெய்ய முடியும். ஆனால் அதற்குச் சாயவேரைத் தேடி அலைய வேண்டாம். இம்பூரல் என்றும் அழைக்கப்படும் சாயவேர், சோழமண்டலக் கடற்கரையின் மணற்பாங்கான நிலத்தில் படர்கிற சிறு செடி. அதன் வேர்ப்பட்டையில் உள்ள அலிசரின் என்னும் பொருள், சாயத்தைப் பிடித்துவைக்கும் படிகாரம் ஏற்றிய பருத்தித் துணியில் சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீரின் துணையோடு பிடிக்கும்போதுதான் அந்தப் புகழ்பெற்ற சிவப்பு கிடைக்கிறது. பருத்தி நூலை எண்ணெயிலும் காரநீரிலும் மாற்றி மாற்றி ஊறவைத்து, காயவைத்து, மறுபடியும் ஊறவைத்துப் பக்குவப்படுத்துகிற நெடிய வேலை அதற்கு முன்னால் உண்டு. மதுரைச் சௌராஷ்டிரச் சாயக்காரர்கள் பெயர் பெற்றது இந்த வேலையில்தான். பட்டோ விலங்குப் புரதம் என்பதால் காரத்தில் நெடுநேரம் ஊறினால் மினுமினுப்பை இழந்து நைந்துவிடும்.

பட்டுக்குச் சிவப்பேற்றப் பழைய பட்டறைகள் பெரிதும் நம்பியது கொம்பரக்கை. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி கட்டும் கூட்டை உடைத்து, தண்ணீரில் ஊறவைத்துச் சாயத்தைப் பிரித்தெடுத்து, புளிக்கரைசல் சேர்த்த தொட்டியில் நூலைத் தோய்ப்பார்கள். மிஞ்சும் பிசின் முத்திரை அரக்காகும். இது பூச்சி தரும் சாயமே தவிரச் செடி தருவதன்று. செடிச் சாயம் மட்டுமே வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

பாட்டியின் சேலையைப் பற்றி ஒன்று சொன்னால் வருந்தமாட்டீர்கள் என நினைக்கிறேன். ஜெர்மானிய வேதியியலாளர்களான கிரேபேயும் லீபர்மானும் 1868இல் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர்; செயற்கை நீலம் 1897இல் சந்தைக்கு வந்தது. அதன்பின் நம் பட்டறைகளில் டப்பாச் சாயம் எனப்படும் செயற்கைச் சாயம் நுழைய அதிகக் காலம் பிடிக்கவில்லை. பாட்டியின் திருமணம் 1940களில் நடந்திருந்தால், அந்தச் சிவப்பு டப்பாவிலிருந்து வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நிறம் மங்கவில்லை என்பது மட்டும் செடிச் சாயத்துக்குச் சான்றாகாது. ஐயம் தீர வேண்டுமானால், முந்தியின் உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை எடுத்துச் சாயப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பலாம். சேலைக்கு எந்தச் சேதமும் வராது.

கேள்வி: மஞ்சள், பீட்ரூட், செம்பருத்திப் பூ ஆகியவற்றில் பட்டு நூலைத் தோய்த்துப் பார்த்தேன். முதலில் அழகாக ஏறிய நிறம், சில வாரங்களில் வெளுத்துவிட்டது. படிகாரத்தைக் கூட்டினால் நிற்குமா?
– இளம் நெசவாளர், திருபுவனம்

பதில்: நிற்காது. நீங்கள் எடுத்துக்கொண்ட மூன்றும் கண்ணைக் கவரும் நிறங்கள். ஆனால் மூன்றுமே வெயிலுக்கு ஈடுகொடுக்காதவை. மஞ்சள் துணியில் நன்றாகப் பிடித்தாலும் வெளிச்சத்தில் விரைவில் மங்கும். சோப்பு பட்டால் சிவக்கவும் செய்யும். செம்பருத்தியின் நிறம் புளிப்புக்கு ஒன்றாகவும் காரத்துக்கு வேறாகவும் மாறிக்கொண்டே இருக்கும். பீட்ரூட்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அது சமையலறைக்கே உரியது. படிகாரத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் நூல் முரடாகி, தறியில் இழை அறுவதுதான் மிச்சம். 100 கிராம் பட்டுக்கு 15 முதல் 20 கிராம் படிகாரம் போதும். அதையும் கொதிக்கும் நீரில் போடாமல், வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஓர் இரவு ஊறவிடுங்கள்.

அதற்கு முன்பே கவனிக்க வேண்டியது பசை நீக்கம், அதாவது பட்டு இழையோடு இயல்பாக ஒட்டிவரும் பசையைப் போக்குவது. பதப்படுத்தாத கோரா பட்டின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பசையே. அது சீராகப் போகாத சிட்டத்தில் (நூல் கழியில்) எந்தச் சாயமும் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். நிறம் சரியாக ஏறவில்லை என்று முறையிடுகிறவர்களில் பலர் செடியைக் குறை சொல்கிறார்கள். குறை பெரும்பாலும் இந்த முதல் வேலையிலோ, பாத்திரத்திலோ இருக்கும். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் எந்தப் பளிச்சென்ற நிறமும் அழுக்குப் படிந்ததுபோல் இருண்டுவிடும். டெல்டாவின் ஆழ்துளைக் கிணறுகள் சிலவற்றில் இரும்பு கலந்த நீர் வருகிறது. குடத்தில் பிடித்து வைத்தால் மேலே செம்படலம் கட்டுகிற நீரைச் சாயத்துக்கு எடுக்காதீர்கள்.

ஆரஞ்சு கலந்த மஞ்சளுக்குக் கபிலப்பொடி பட்டுக்கென்றே அமைந்தது போன்றது. கபிலை மரத்துக் காய்களின் மேல் படியும் அந்தச் சிவப்புத் தூள் வெறும் தண்ணீரில் கரையாது. சிறிது சோடா உப்பு சேர்த்தால்தான் நிறத்தை விடும். மாதுளைத் தோலும் கடுக்காயும் மங்கலான மஞ்சள் தருபவை. அவற்றின் துவர்ப்பு இரும்புக் கரைசலோடு சேர்ந்தால் சாம்பல் முதல் கருப்பு வரை போகும். அந்தக் கருப்பை முழுச் சேலைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன், ஏனெனில் இரும்பு ஏறிய கருப்பு காலப்போக்கில் இழையையே அரித்துவிடும். பழைய துணிகளில் கருப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் உதிர்ந்திருப்பதைக் காணலாம். நம் வயல் வரப்புகளில் நிற்கும் நுணாவின் வேர்ப்பட்டையிலும் படிகாரத்தோடு சேர்ந்து செம்மை தரும் சாயம் உண்டு. ஆனால் வேரைத் தோண்டினால் மரம் பிழைக்காது. விழுந்த மரம் கிடைத்தால் பயன்படுத்துங்கள்.

நீலத்துக்கு அவுரியை விட்டால் வழியில்லை. திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் அவுரி இலையை ஊறவைத்து, நீரை அடித்து, வண்டலைக் கட்டியாக்குகிறார்கள். அந்தக் கட்டியைச் சுண்ணாம்பும் வெல்லமும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவைக்க வேண்டும். தொட்டியின் மேலே செம்புநிறப் பளபளப்போடு நுரை கட்டி, அடியிலுள்ள நீர் பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்தால் பக்குவம் வந்துவிட்டது என்று பொருள். சிட்டத்தை மெல்ல அமிழ்த்தி எடுத்துப் பிழிந்தால், கையிலிருக்கும்போதே பச்சை நிறம் காற்றுப்பட்டு விளிம்பிலிருந்து நீலமாகத் திரும்பும். பட்டுக்குச் சுண்ணாம்பை மட்டாகப் போட்டு, ஒரே முறை நெடுநேரம் ஊறவிடாமல் பலமுறை குறுகிய நேரம் தோயுங்கள். கடைசியில் நீர்த்த புளித்தண்ணீரில் அலசினால் எஞ்சிய காரம் போகும்.

ஒரே சாயத்தில் தோய்த்த இரண்டு சிட்டங்கள்கூட அச்சாக ஒத்திருக்கமாட்டா. ஆகவே ஒரு சேலைக்கான பாவு நூலையும் (நீள இழை) ஊடை நூலையும் (குறுக்கிழை) ஒரே தொட்டியில் முடித்துவிடுங்கள். இருபது சேலையும் ஒரே நிறத்தில் வேண்டும் என்று கேட்கும் கடைக்காரரிடம் இந்த வேலைக்கு முன்பணம் வாங்காதிருப்பதே மேல்.

கேள்வி: கோடாலிக்கருப்பூர்ச் சேலையும் இந்தச் சாயங்களால் ஆனதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஓரளவு ஆம். ஆனால் அது பட்டன்று. பருத்தியில் சரிகை கோத்து நெய்த துணி. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள அவ்வூரில் தஞ்சை மராத்திய அரண்மனைக்கென்று அது செய்யப்பட்டது. சரிகைப் பூவோடு நெய்த துணியின் மேல் மெழுகால் வரைந்தும், கருப்புக் கோடிட்டும், சாயவேரில் தோய்த்தும் எடுத்ததால், சிவப்பின் அடியிலிருந்து பொன் மின்னும். 1855இல் அரச வம்சம் முடிவுற்றதும் வாங்குவோர் இல்லாமல் போயினர். கையால் வரைந்து சாயமேற்றும் மரபு, கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களுக்கான தொம்பைகளிலும் (உருளை வடிவத் துணித் தொங்கல்கள்) குடைகளிலும் இன்றும் தொடர்கிறது. நேரில் சென்று பார்க்க விரும்பினால் மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். துணியைக் காயவைக்க வெயில் இல்லாதபோது வேலை மந்தமாகவே நடக்கும்.