ஃபூஜி மலை உச்சிக்கு ஏறாமல் அடிவாரக் காட்டில் மட்டும் அரை நாள் நடந்துவிட்டு வந்தால் அது வீணா?

வீண் இல்லை. அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், அவர்களால் உச்சி ஏற முடியாது, 'அப்புறம் எதுக்கு ஃபூஜி' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு இப்படித்தான் தோன்றியது. ஏனென்றால் என்னிடமும் அதையே சொன்னார்கள். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

ஃபூஜியின் உயரம் 3,776 மீட்டர். ஏறும் பாதையைப் பத்து நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். இன்று யோஷிதா என்ற பாதையில் ஏறுபவர்களில் பெரும்பாலோர் பஸ்ஸில் ஏறி, 2,305 மீட்டரில் இருக்கும் ஐந்தாம் நிலையில் இறங்கி, அங்கிருந்துதான் நடக்கவே ஆரம்பிக்கிறார்கள். அந்தத் தார்ச் சாலை வந்தது 1964இல். அதற்கு முன்பு யாத்ரீகர்கள் ஃபூஜியோஷிதா ஊரில் பூசாரிகளின் வீடுகளில் தங்கி, ஃபூஜித் தெய்வத்துக்கான செங்கென் கோயிலில் கும்பிட்டுவிட்டு, காட்டு வழியாக நடந்தே மேலே போனார்கள். சாலை வந்ததும் அந்தப் பாதையின் டீக்கடைகளும் சத்திரங்களும் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. ஆக, அடிவாரத்தில் நடப்பவர் மலையைப் பாதியில் விட்டவர் இல்லை. உச்சிக்குப் போனவர்கள் பஸ்ஸில் கடந்துபோன பாதியைத்தான் அவர் நடக்கிறார். மலையேறும் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உச்சி ஏறுவது பெரிய விஷயம்தான், நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை.

நான் டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். அம்மா கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தபோது, அக்டோபரில் ஒரு நாள் இந்த அடிவாரக் காட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மாவுக்கு முட்டி வலி உண்டு, ஆனால் காட்டிலும் மேட்டிலும் நடந்து பழகிய கால். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் வெள்ளியங்கிரி தெரியும். அப்பா பூண்டிக்குப் போய் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏழு மலையும் ஏறி வருவார். ஒவ்வொரு தடவையும் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்புவது அம்மாவின் வேலை. எங்கள் வீட்டில் பெண்கள் ஏறியதில்லை, வழக்கம் அப்படி. வயதான பெண்கள் போகலாம் என்பார்கள். அந்த வயது வந்தபோது அம்மாவுக்கு முட்டி போய்விட்டது.

கட்டுச்சோறு என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சைவம் சாப்பிடுபவர்களோடு போனால் உணவை வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள். கடையில் 'ஊறுகாய்ப் பிளம்' என்று போட்டிருக்கும் சோற்று உருண்டையில் கூட மீன் சாறு சேர்த்திருப்பார்கள். அட்டையின் பின்பக்கம் எறும்பு எழுத்தில்தான் அது இருக்கும். காய்கறி சூப் என்று போட்டதிலும் இதே கதை. மீன் சாப்பிடுகிறவர்கள் தாராளமாகச் சாப்பிடட்டும், ஆனால் பாக்கெட்டின் முன்பக்கம் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி வைப்பதில் என்ன கஷ்டம்? வயதானவர்கள் வாயில் வைத்த பிறகு துப்புவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. இந்தியாவில் எத்தனையோ குறை இருக்கலாம், இந்த ஒரு விஷயத்தில் நாம் சரியாகச் செய்திருக்கிறோம்.

சரி, மலைக்கு வருகிறேன். நாங்கள் நடக்கத் தொடங்கிய இடம் உமாகயேஷி, சுமார் 1,450 மீட்டர். அந்தக் காலத்தில் குதிரையில் வந்தவர்கள் இங்கே இறங்கிவிட வேண்டும், அதற்கு மேல் புனித நிலம். கல் தோரண வாசலின் இரண்டு பக்கமும் கைகூப்பி நிற்கும் கல் குரங்குகள். வழக்கமாக ஜப்பானியக் கோயில் வாசலில் சிங்கம் மாதிரியான காவல் நாய்கள்தான் இருக்கும். ஜப்பானின் பழைய காலண்டரில் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு விலங்கின் பெயர் உண்டு. ஃபூஜி தோன்றியது குரங்கு ஆண்டில் என்பது ஐதீகம், அதனால் இங்கே குரங்குகள். அம்மா அவற்றுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் போனால் ஃபூஜி தெரியாது. படங்களில் பார்க்கும் அந்தப் பனிக் கூம்பை ஏரிக்கரையிலிருந்துதான் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் மரங்கள்தான்: பீச், மேப்பிள், ஊசியிலை மரங்கள், கிளைகளில் பாசி. எரிமலை என்பதைத் தரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா வழியில் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். கறுப்பு, உள்ளே சிவப்பு, உடம்பெல்லாம் ஓட்டை, பார்த்த அளவுக்கு எடையே இல்லை. செங்கல் சூளையில் உருகிக் கட்டிப்போன கல் மாதிரி இருந்தது. மர வேர்கள் ஆழமாக இறங்க முடியாமல் பாறைமேல் விரல்களை விரித்துக்கொண்டு படுத்திருந்தன.

கொஞ்ச நேரம் போனதும் அம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, இத்தனை பெரிய மலை, ஒரு ஓடை கூடக் காணமே?"

சிறுவாணி ஆற்றுப் பக்கத்துக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். அத்தனை மழையும் பனியும் விழுந்தும் இந்தச் சரிவில் தண்ணீர் மேலே ஓடுவதில்லை. ஓட்டைக் கற்களின் வழியே உள்ளே இறங்கி, பல ஆண்டுகள் பூமிக்குள்ளேயே நகர்ந்து, ஒஷினோ போன்ற அடிவார ஊர்களில் ஊற்றாக வெளியே வருகிறது. திரும்பும் வழியில் ஒஷினோ குளங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். அடிவரை தெரிகிற தண்ணீர்.

இரண்டாம் நிலை சுமார் 1,700 மீட்டரில். அங்கே ஒரு பழைய செங்கென் கோயில் இருந்தது. மூலக் கட்டடத்தை 1970களில் கீழே ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், மிச்சம் பாழடைந்து கிடக்கிறது. பெண் யாத்ரீகர்கள் இந்த இடம் வரைதான் வரலாம் என்றிருந்தது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் சிறப்புக் குரங்கு ஆண்டில் மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே விடுவார்கள். 1832இல் தக்காயாமா தத்சு என்ற பெண் ஆண் வேடம் போட்டு, சீசன் முடிந்து குளிர் தொடங்கிய பிறகு உச்சி வரை ஏறினார். தடையை அரசு எடுத்தது 1872இல்.

இதையெல்லாம் சொன்னபோது அம்மா ஒரு மரத்தடியில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இங்கயுமா கண்ணு?"

"ஆமாங்மா."

"அந்தப் பொண்ணு ஏறி முடிச்சுட்டாளா?"

"முடிச்சுட்டாங்கம்மா."

டப்பாவை மூடிப் பையில் வைத்தார். "எந்திரி. இன்னுங் கொஞ்சம் போலாம்."

முட்டி வலிக்கு இது போதும் என்று திரும்ப நினைத்திருந்தவள் நான். அம்மா முன்னால் போய்விட்டார். பாதை அங்கே இன்னும் செங்குத்து, மழைநீரை ஒதுக்க நெடுகக் கட்டைகள் பதித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் கால் வைத்து ஏறினார். மூன்றாம் நிலை வரை போனோம். அங்கே நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "உங்கப்பன் கிட்ட சொல்லோணும்" என்றார். ஊரில் யாராவது உச்சி ஏறினீர்களா என்று கேட்டால், பெண்கள் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனோம் என்றுதான் இன்றும் சொல்கிறார். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. வெள்ளியங்கிரி வழக்கத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அப்பாமேலும் வருத்தமில்லை. தயவுசெய்து கருத்துப் பெட்டியில் அந்தச் சண்டையை ஆரம்பிக்காதீர்கள்.

நீங்கள் போவதாக இருந்தால்: ஷின்ஜுகுவிலிருந்து ஃபூஜிசான் ஸ்டேஷனுக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ சுமார் 2 மணி நேரம். அங்கிருந்து உமாகயேஷிக்குக் கோடை சீசனில் பஸ் ஓடும், மற்ற மாதங்களில் பெரும்பாலும் டாக்சிதான். 2025 முதல் வாங்கும் 4,000 யென் கட்டணம் ஐந்தாம் நிலைக்கு மேலே போகிறவர்களுக்கு, அடிவாரக் காட்டுக்கு இல்லை. வழியில் தண்ணீர் கிடைக்காது, கீழிருந்தே கொண்டுபோங்கள். கரடி உள்ள காடு, பையில் ஒரு மணி கட்டிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு இறங்கும்போதுதான் முட்டி அதிகம் வலிக்கும், கைத்தடி இல்லாமல் கூட்டிப்போகாதீர்கள். டாக்சி என்றால் திரும்பி வருவதற்கும் நேரம் சொல்லி அப்போதே பேசி வைத்துவிடுங்கள், அங்கே நின்று வண்டி பிடிக்க முடியாது.