முதல் தப்புக்கே ஜெயிலா? கேட்டவங்களுக்கு ஒரு வக்கீலோட பதில்கள்

கேள்வி: சார், பையனுக்கு 20 வயசு, 12 ஆயிரம் ரூவா செல்போன திருடிட்டான், முதல் கேசு. ஜெயில்தானா?

பதில்: அப்படி இல்லம்மா. 1958-லயே நன்னடத்தைச் சட்டம்னு ஒண்ணு வந்துருச்சு, ஜெயிலுக்கு அனுப்பாம, ஒழுங்கா இருப்பேன்னு எழுதி வாங்கிட்டு வெளியில விடுறதுக்கு. ஆயுள் தண்டனை வர்ற குற்றமா இல்லாம, ஆளுக்கு 21 வயசும் ஆகலேன்னா, நன்னடத்தை அலுவலர்கிட்ட ரிப்போர்ட் வாங்கிப் பாத்துட்டுத்தான் ஜட்ஜ் முடிவெடுக்கணும், ஜெயில்தான்னா காரணத்தை எழுதியே ஆகணும். ஆனா வயசு பாக்குறது திருடுன அன்னைக்கு இல்ல, தீர்ப்பு அன்னைக்கு, அதனால வாய்தா வாங்கி இழுக்காதீங்க. 21 தாண்டிட்டாலும் நன்னடத்தையில விடச்சொல்லி கேக்கலாம், அப்ப அது ஜட்ஜ் இஷ்டம். இப்படி விட்டா, தண்டனை வாங்குனவன்ங்கிற தகுதிக்குறைவும் சட்டப்படி ஒட்டாது. உங்க வக்கீல்கிட்ட இதை நீங்களே வாய்விட்டு கேளுங்கம்மா.

கேள்வி: புதுசா சமூக சேவை தண்டனை வந்துருக்காமே, அது கிடைக்காதா?

பதில்: 2024 ஜூலை 1-லருந்து இருக்கு, ஆனா ஆறே ஆறு குற்றத்துக்குத்தான். திருட்டுன்னா பொருள் 5000 ரூவாய்க்குக் கீழ இருக்கணும், முதல் தடவையா இருக்கணும், பொருளையோ அதோட மதிப்பையோ திருப்பிக் குடுத்துரணும். குடிச்சிட்டு பொது இடத்துல ரகளை பண்றதும் அவதூறும் அந்த ஆறுல வருது. இன்னைக்கு எந்த நல்ல ஸ்மார்ட்போன் 5000-க்கு கிடைக்குது சொல்லுங்க? அந்த வரம்ப ஏத்தணும்.

கேள்வி: நான் கடை வச்சிருக்கேன். திருடனுக்கு இவ்வளவு பரிஞ்சு பேசுறீங்க, பறிகொடுத்தவன் கதி?

பதில்: உங்க கோவம் நியாயம்ண்ணே. பழிக்குப் பழி, அடுத்தவனுக்கு பயம், அடைச்சு வைக்கிறது, திருத்துறதுன்னு தண்டனைக்கு நாலு நோக்கம் சொல்லுவாங்க, இதுல எதுலயும் உங்க கல்லாவுக்கு பணம் திரும்பல பாருங்க. நன்னடத்தையில விடும்போது உங்களுக்கு நஷ்டஈடு குடுன்னு கோர்ட்டு உத்தரவு போடலாம், கேட்டு வாங்குங்க. பயம்னு பாத்தா, மாட்டுவோம்னு உறுதியா தெரிஞ்சாத்தான் ஒருத்தன் கை நடுங்கும், ரெண்டு வருஷமா மூணு வருஷமான்னு கணக்கு போட்டுட்டு எவனும் திருடப் போறதில்ல.

கேள்வி: தம்பி 13 மாசமா உள்ள இருக்கான், கேசு இன்னும் நடக்குது. அதிகபட்சமே மூணு வருஷம்தான், முதல் கேசு, வேற கேசும் இல்ல.

பதில்: முதல் கேசுன்னா அதிகபட்ச தண்டனையில மூணுல ஒரு பங்கு காலம் உள்ள இருந்து முடிஞ்சாலே ஜாமீன்ல விடணும், உங்க தம்பிக்கு அது 12 மாசத்துலயே முடிஞ்சது. 2022 கடைசியில நாட்டுல உள்ள இருந்தவங்கள்ல நாலுல மூணு பேர் இப்படி தீர்ப்பே வராதவங்கதான், நெனச்சாலே மனசு ஆறல. ஜெயில் சூப்பிரண்டே கோர்ட்டுக்கு எழுதணும், எழுதலேன்னா நீங்க மனு போடுங்க, வக்கீலுக்கு காசில்லேன்னா இலவச சட்ட உதவி எண் 15100-க்கு இன்னைக்கே போன் போடுங்க.