மலையும் ஏரியும்: எங்கே போகலாம், எப்போது போகலாம்?

மலை ஏரிகளைத் தேடிப் போக நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் எழுதி "போகலாமா?" என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். எந்த மாதம், கூட யார் வருகிறார்கள், இரவு எவ்வளவு உயரத்தில் தங்கப் போகிறீர்கள், இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா, கனடாவின் மொரெய்ன் ஏரிப் படங்களில் வரும் அந்த நீலம் நிஜமா, கணினியில் ஏற்றியதா? எனக்கு மே மாதம்தான் விடுப்பு. போகலாமா?

நிறம் நிஜம்தான் தம்பி. மாதம்தான் சரியில்லை. மே மாதத்தில் அந்த ஏரி பெரும்பாலும் பனிக்கட்டியாகத்தான் கிடக்கும். அங்கே போகும் சாலையும் வழக்கமாக ஜூன் வாக்கில்தான் திறக்கிறது. நிறம் எப்படி வருகிறதென்றால், மேலே மலையிலுள்ள பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரும் பனித்திரள், அடியிலுள்ள பாறையை மாவாக அரைக்கிறது. கோடையில் பனி உருக உருக அந்தப் பாறைமாவு நீரோடு வந்து ஏரியில் சேரும். மிக நுண்ணிய தூள் என்பதால் சட்டென்று அடியில் படியாமல் மிதந்துகொண்டே இருந்து, வெளிச்சத்தின் நீலத்தையும் பச்சையையும் சிதறடிக்கும். அதனால் ஜூன் கடைசியிலிருந்துதான் அந்த நிறம் ஏறும். இன்னொன்று, 2023 முதல் சொந்தக் காரில் அங்கே போக முடியாது. பேருந்தில் முன்பதிவு செய்துதான் போக வேண்டும்.

மே மாதத்தை மாற்றவே முடியாதென்றால் கண்டத்தை மாற்றுங்கள். நியூசிலாந்தின் புகாகி ஏரிக்கும் பனியாற்று நீர்தான், அதே பால்நீலம்தான். மே மாதம் அங்கே இலையுதிர்காலத்தின் கடைசி, ஏரி உறையாது. வானம் தெளிந்த நாளில் 3,724 மீட்டர் உயர அவ்ராக்கி சிகரம் ஏரியின் வடகோடியில் எழுந்து நிற்பது தெரியும். பக்கத்திலுள்ள தெகாபோ ஏரிப் பகுதி 2012 முதல் இருள்வானக் காப்பகம், அதாவது நட்சத்திரங்கள் தெரிய விளக்கொளியைக் கட்டுப்படுத்தும் பகுதி, ஆகவே இரவையும் வீணாக்காதீர்கள்.

கேள்வி: மலை அப்படியே தண்ணீரில் தலைகீழாகத் தெரிய வேண்டும் என்று ஆசை. நான் போகும்போதெல்லாம் அலைதான். என்ன ரகசியம்?

விடிவதற்கு முன்பே கரையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெயில் ஏறியதும் மலைச்சரிவுகள் சூடாகும், அவற்றை ஒட்டிய காற்று மேலே எழும், பள்ளத்தாக்கிலிருந்து புதுக் காற்று அந்த இடத்துக்கு வரும். மதியத்தில் மலை ஏரிகளில் அலை எழுவது பெரும்பாலும் இதனால்தான். காலை உணவை முடித்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு அந்தக் காட்சி கிடைக்காது.

எல்லா ஏரிக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. இத்தாலியின் கார்டா ஏரியில் அதிகாலையிலேயே வடக்கிலிருந்து 'பெலேர்' காற்று இறங்கும், பிற்பகலில் தெற்கிலிருந்து 'ஓரா' வீசும். பாய்மரப் படகுக்காரர்கள் அதற்காகவே அங்கே குவிகிறார்கள். அங்கே போய்ப் பிம்பத்துக்குக் காத்திருக்காதீர்கள். பெரிய ஏரியில் அலை அடிக்கும் நாளிலும் பக்கத்தில் மரங்கள் சூழ்ந்த சின்னக் குட்டை இருந்தால் அது அசையாமல் இருக்கும். அலை வளரக் காற்று தண்ணீரின் மேல் நெடுந்தூரம் வீச வேண்டும், குட்டையில் அது கிடைப்பதில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. பனிமலையைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஏற்றம் இல்லாமல் முடியுமா?

தாராளமாக முடியும். பலரும் செய்கிற தப்பு, உயர்ந்த மலையைப் பார்க்க உயரத்துக்கே போக வேண்டும் என்று நினைப்பது. நேபாளத்தின் போக்ராவைப் பாருங்கள். ஊரும் பேவா ஏரியும் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டர் அளவில்தான். ஆனால் தலைக்கு மேலே 8,091 மீட்டர் அன்னபூர்ணாவும், மீன்வால் போன்ற உச்சியோடு 6,993 மீட்டர் மச்சபுச்ரேயும் நிற்கும். மச்சபுச்ரேயைப் புனித மலையாகக் கருதுவதால் ஏற அனுமதி இல்லை. அம்மா படகில் உட்கார்ந்தபடியே எல்லாம் பார்க்கலாம். அக்டோபர், நவம்பர் நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் மலையை விழுங்கிவிடும்.

செலவு கூடினாலும் பரவாயில்லை என்றால் சுவிட்சர்லாந்தின் ரிகி மலை. 1871-லேயே பற்சக்கர ரயில் போட்டுவிட்டார்கள். உச்சிக்கு அருகில், சுமார் 1,750 மீட்டரில் இறக்கிவிடும். கீழே லூசெர்ன் ஏரி, எதிரே ஆல்ப்ஸ் தொடர். அம்மாவுக்கு இதயக் கோளாறு ஏதாவது இருந்தால் எங்கே போவதென்றாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சார், லடாக்கின் லேவுக்கு விமானத்தில் போய் இறங்கி, மறுநாளே பாங்காங் ஏரிக்குப் போய்த் தங்கலாம் என்று திட்டம். நான் தினமும் ஓடுகிறவன், உடம்பு நன்றாக இருக்கிறது. சரிதானே?

சரியில்லை. லே 3,500 மீட்டர், பாங்காங் ஏறத்தாழ 4,250. நடுவில் சாங் லா கணவாய் வழியாகப் போனால் 5,300 மீட்டருக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். உயர நோய்க்கும் ஓட்டப் பயிற்சிக்கும் சம்பந்தமே இல்லை. உடல் குறைந்த ஆக்சிஜனுக்குப் பழக நாள் எடுக்கும். திடகாத்திரமானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் சில சமயம் அவர்களே முதலில் படுப்பார்கள்.

மலையேற்ற மருத்துவர்கள் சொல்லும் விதி இது: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுங்கள். விமானத்தில் லேவுக்குப் போனால் முதல் இரண்டு மூன்று நாள் ஊரைவிட்டு ஏறக் கூடாது. மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அங்கேயே நில்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறங்கிவிடுங்கள். அசிட்டசோலமைடு மாத்திரை உதவும்; ஆனால் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டு எடுக்க வேண்டியது அது.

உங்கள் திட்டத்தில் மூன்று நாள் கூட்டுங்கள். கூட்ட முடியாவிட்டால் இந்த முறை பாங்காங்கை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எல்லா மலை ஏரியும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கிறது. ஒன்றைப் பார்த்துவிட்டால் போதாதா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. ஏரி எப்படிப் பிறந்தது என்று பாருங்கள், அப்போது ஒன்றுபோல் தெரியாது.

அமெரிக்காவின் கிரேட்டர் (Crater) ஏரி, மசாமா என்ற எரிமலை சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் வெடித்து உள்ளே சரிந்த குழி. 594 மீட்டர் ஆழம். எந்த ஆறும் உள்ளே வராது. மழையும் பனியும் மட்டுமே. சேறு கொண்டுவர ஆளில்லாததால் அடர்ந்த கருநீலம். அதாவது மொரெய்னுக்கு நிறம் தந்தது தூள், இதற்கு நிறம் தந்தது தூள் இல்லாமை. பனி அங்கே கொட்டித் தீர்க்கும் என்பதால் விளிம்புச் சாலை முழுதும் திறக்கப் பல ஆண்டுகளில் ஜூலை ஆகிவிடும்.

இந்தோனேசியாவில் சுமத்ராவின் தோபா ஏரியும் எரிமலைக் குழிதான். ஆனால் நீளமே 100 கிலோமீட்டர். ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த மாபெரும் வெடிப்பின் மிச்சம் அது. நடுவே சமோசிர் தீவில் ஊர்களே இருக்கின்றன. கரையில் நின்றால் குழிக்குள் நிற்கிறோம் என்ற எண்ணமே வராது. அதே நாட்டின் ஃபுளோரஸ் தீவிலுள்ள கெலிமுத்துவில் ஒரே எரிமலையில் மூன்று ஏரிகள், மூன்றும் வேறு நிறம். அந்த நிறமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பழைய படத்தை நம்பிப் போனால் வேறொன்றைப் பார்ப்பீர்கள். ரஷ்யாவின் பைக்கால் ஏரி இன்னும் வேறு, நிலம் பிளந்து விலகிய இடத்தில் 1,642 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர்.

கேள்வி: ப்ளெட் ஏரிக்குப் போக ஆசை, கூட்டம்தான் பயம்.

அப்படியானால் அதே ஸ்லோவேனியாவில் போஹின் ஏரிக்குப் போங்கள். ப்ளெட்டைவிடப் பெரிது, த்ரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. ப்ளெட்டில் இருப்பதுபோல் தீவில் தேவாலயம் கிடையாது, அமைதி உண்டு. எனக்குப் போஹின்தான்.

கேள்வி: ஏரியில் இறங்கிக் குளிக்கலாமா?

அனுமதி இருக்கும் இடத்தில் மட்டும். குரோஷியாவின் பிளிட்விச்சேயில் கூடாது. அங்கே ஏரிகளைப் பிரிக்கும் தடுப்புகள், பாசியின் மேல் சுண்ணாம்பு படிந்து படிந்து இன்றும் வளர்பவை. கால் பட்டாலே உடையும். அனுமதி உள்ள இடத்திலும் எடுத்தவுடன் குதிக்காதீர்கள். 15 டிகிரிக்குக் குறைந்த நீரில் முதல் ஓரிரு நிமிடம் மூச்சு நம் வசம் இருக்காது, நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அப்போதுதான் தண்ணீர் குடிக்கிறார்கள். மெல்ல இறங்கி, மூச்சு சீரான பிறகு நீந்துங்கள்.

கேள்வி: போன முறை தங்கிய நாளெல்லாம் மூடுபனி. ஒன்றுமே தெரியவில்லை. இனி எப்படித் தேர்ந்தெடுப்பது?

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். ஈரக்காற்று மலையில் மோதி ஏறும் பக்கம் மேகமும் மழையும், மறுபக்கம் வெளுத்துவிடும். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் சீத்வெயிட், அந்த நாட்டிலேயே அதிக மழை பெறும் குடியிருப்பு. அங்கிருந்து வடகிழக்கே பென்ரித் வரை போனால் மழை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழ். ஒரே நாளில் காரில் போய்விடக்கூடிய தூரம்தான். ஆகவே தங்கும் ஊரை மழைமறைவுப் பக்கம் வைத்துக்கொண்டு, வானம் திறக்கும் நாளில் மறுபக்கம் போய்வாருங்கள்.

குளிர்காலத்தில் காற்றில்லாத தெளிந்த இரவுக்குப் பிறகு வரும் மூடுபனி வேறு ரகம். அது பள்ளத்தில்தான் தேங்கும். அறைக்குள் உட்கார்ந்து சலித்துக்கொள்ளாமல் மேலே ஏறுங்கள். சில நூறு மீட்டரில் வெயில் அடிக்கும், கீழே மேகக்கடல் கிடக்கும்.

கேள்வி: இலை மஞ்சளாகும் பருவத்தில் பனிச்சிகரமும் சேர்ந்து வேண்டும்.

லார்ச் மரத்தைத் தேடுங்கள். ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கும். கனடா ராக்கி மலைகளில் செப்டம்பர் கடைசியில் பொன்னிறமாகிவிடும். மொரெய்னுக்கு மேலேயே லார்ச் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆனால் அந்த நாள்களில் பேருந்து இடம் கிடைப்பது பெரும்பாடு, முன்பதிவு தொடங்கும் நாளிலேயே வாங்கிவிடுங்கள்.