மெயிலுக்காக மட்டும் எல்டாப் போடலாமா?

கேள்வி: எங்க ஆபீஸ்ல 35 பேர் இருக்கோம். சொந்த மெயில் சர்வர்தான், மெயில் அனுப்பி வாங்க போஸ்ட்ஃபிக்ஸும், வந்த மெயிலை எடுத்துப் படிக்க டவ்காட்டும் ஓடுது, யூசர் லிஸ்ட் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல இருக்கு. மெயில் எழுதும்போது ரெண்டு எழுத்து அடிச்சாலே ஆபீஸ்ல இருக்கவங்க அட்ரஸ் தானா வரணும்னு எங்க மேனேஜர் கேக்குறார். எல்டாப் (LDAP) டைரக்டரி, அதாவது ஆளுங்க பேரு, அட்ரஸ், பாஸ்வேர்ட் எல்லாம் ஒரே எடத்துல வச்சுத் தேடுற சர்வர் போட்டா சரியாயிடும்னு ஃப்ரெண்ட் சொல்றான். போடலாமா சார்?
- வாசகர், ஈரோடு

பதில்: அட்ரஸ் தானா வரணும்ங்கிறதுக்கு மட்டும்னா வேண்டாங்க. அந்த வேலைக்கு கார்ட்டேவ் (CardDAV) போதும், அட்ரஸ் புக்கை சர்வர்ல வச்சு எல்லாரும் பகிர்ந்துக்குற முறை அது. ராடிகேல்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் சர்வர் இருக்கு, சின்னதுதான், அதுல ஆபீஸ் அட்ரஸ் புக்கை ஏத்தி வச்சிட்டா தண்டர்பேர்ட் மெயில் ப்ரோக்ராம் 2021ல வந்த 91ஆம் வெர்ஷன்லேர்ந்து நேராவே எடுத்துக்கும், ஐபோன்லயும் அந்த வசதி உள்ளயே இருக்கு, ஆண்ட்ராய்டுக்குத்தான் தனியா ஒரு ஆப் போடணும்.

எல்டாப் 1993 வாக்குல மிச்சிகன் யுனிவர்சிட்டியில வந்தது. எக்ஸ்.500னு ஒரு பெரிய டைரக்டரி முறை இருந்துச்சு, சாதா கம்ப்யூட்டர்லேர்ந்து அதைத் தொட முடியாத அளவுக்கு கனமா இருந்ததால லேசா ஒரு வழி வேணும்னு பண்ணாங்க. அட்ரஸ் தேடவும் அது உதவும்தான், ஆனா இன்னிக்கு அதோட அசல் பலம் லாகின்ல இருக்கு. மெயில், வைஃபை, ஃபைல் சர்வர், விபிஎன் எல்லாத்துக்கும் ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்ட், ஒருத்தர் வேலைய விட்டுப் போனா ஒரே எடத்துல மூடினா எல்லாக் கதவும் மூடிக்கும். இப்ப உங்க ஆபீஸ்ல ஒருத்தர் போனா எத்தனை எடத்துல பேரை எடுக்குறீங்க? மெயில்ல மட்டும்னா டெக்ஸ்ட் ஃபைலே நல்லா இருக்கு, அதைத் தொடாதீங்க. மூணு நாலு எடம்னா 35 பேருக்கேகூட எல்டாப் தகும், ஆள் எண்ணிக்கைய வச்சு முடிவு பண்ணாதீங்க.

இன்னொண்ணு, இதைப் பலர் யோசிக்கிறதில்ல. எல்டாப் சர்வர் படுத்துட்டா மெயிலும் கூடவே நிக்கும். யூசர் இருக்காரான்னு பாக்க முடியாததால போஸ்ட்ஃபிக்ஸ் அனுப்புறவர் சர்வர்கிட்ட அப்புறம் வான்னு சொல்லிரும், அந்த சர்வர் மறுபடி மறுபடி முயற்சி பண்ணும், அதனால உள்ள வர்ற மெயில் உடனே தொலஞ்சு போகாது. ஆனா ஆபீஸ்ல யாரும் புதுசா லாகின் பண்ண முடியாது. அதனால போடுறதா இருந்தா ரெண்டு சர்வரா போடுங்க, ஓப்பன்எல்டாப்ங்கிற ஓப்பன் சோர்ஸ் எல்டாப் சர்வர்ல ஒண்ணைப் பாத்து இன்னொண்ணு காப்பி பண்ணிக்கிற வசதி இருக்கு. அதைப் பாத்துக்க ஆள் இருக்காங்களான்னும் முன்னாடியே யோசிங்க.

விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரி (மைக்ரோசாஃப்டோட டைரக்டரி சர்வர்) ஏற்கெனவே இருந்தா புதுசா எதுவுமே வேண்டாம், அதுவும் எல்டாப் பேசும், போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் அதோட இணைச்சா போதும். எதைப் போட்டாலும் எல்டாப் பேசுற 389 போர்ட்டை இன்டர்நெட் பக்கம் தொறந்து வைக்காதீங்க, லாகின் இல்லாம யாரும் தேடுற மாதிரியும் விடாதீங்க, உங்க 35 பேர் அட்ரஸையும் ஸ்பேம் அனுப்புறவன் அள்ளிட்டுப் போயிருவான்.