‘லீவ் ஃபார்’ என்றால் வருகிறார்களா, போகிறார்களா?

கேள்வி: பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். அறுகம்பேயில் நின்ற ஒருவர் கோல் எடுத்து, “வீ ஆர் லீவிங் ஃபார் பாசிக்குடா டுமாரோ” என்றார். இங்கே வராமல் வேறெங்கோ போகிறார்கள் என்று விளங்கிக்கொண்டு, அவர்களுடைய அறையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள் பின்னேரம் பெட்டிகளோடு வந்து நின்றார்கள். லீவ் என்றால் போவதுதானே? நாங்கள் எடுக்கும் லீவும் இதே சொல்தானா?
– வாசகி, வாழைச்சேனை

பதில்: தங்கச்சி, உங்களைக் கவிழ்த்தது லீவ் இல்லை, அதன் பின்னால் வந்த ‘ஃபார்’. லீவ் என்பதை அடுத்து நேராக ஊர்ப்பெயர் வந்தால், அந்த ஊரை விட்டுப் புறப்படுகிறார்கள். நடுவில் ஃபார் வந்தால், அந்த ஊருக்குப் புறப்படுகிறார்கள். “வீ லெஃப்ட் கொழும்பு ஃபார் மட்டக்களப்பு” என்ற ஒரே வசனத்தில் இரண்டும் இருக்கிறது: விட்டது கொழும்பு, போகுமிடம் மட்டக்களப்பு.

தமிழில் ‘கொழும்பை விட்டு’, ‘மட்டக்களப்புக்கு’ என்று ஊர்ப்பெயரின் வாலிலேயே எல்லாம் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையை ஒரு சின்னச் சொல் முன்னால் நின்று செய்கிறது. அதையும் அவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. வேகமாகக் கதைக்கும்போது ‘ஃபார்’ வெறும் ‘ஃப’ ஆகிவிடும், ஃபோனில் அதுவும் கேட்காது. அதனால் இனி இப்படி ஒரு கோல் வந்தால், “ஸோ, யூ ஆர் அரைவிங் டுமாரோ?” என்று திருப்பிக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பழம் தின்று கொட்டை போட்ட வரவேற்பாளர்களும் அப்படித்தான் கேட்பார்கள்.

சரி, அதே விருந்தாளி அறையைக் காலி செய்யும்போது “கேன் ஐ லீவ் மை பேக் ஹியர்?” என்பார். இப்போது ஆள் போகிறார், பை இங்கேயே நிற்கிறது. போவதும் நிற்பதும் ஒரே சொல்லா என்று திகைக்க வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு ‘மிச்சமாக இருக்க விடுதல்’ என்பதுதான் பொருள். நம்முடைய ‘விடு’வும் அப்படித்தானே? ஊரை விட்டுப் போனார், பையை விட்டுட்டுப் போனார், அவனைச் சும்மா விடு. மூன்றுக்கும் லீவ் போடலாம். மனதில் ‘விடு’வை வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

‘லெஃப்ட்’ இதன் இறந்தகால வடிவம், மிச்சம் என்றும் பொருள் தரும். “இஸ் தேர் எனி கர்ட் லெஃப்ட்?” என்றால் தயிர் மிச்சம் இருக்கிறதா என்று கேட்கிறார். என் வகுப்பில் ஒரு தம்பி இதற்கு இடப்பக்கம் கையைக் காட்டினார்! இடப்பக்கத்தைக் குறிக்கும் லெஃப்ட் வேறு வேரில் பிறந்த சொல், உருவம் மட்டும்தான் ஒன்று.

இனி நீங்கள் எடுக்கும் லீவு. இதுவும் வேறு வேர்தான். இதன் அடிப்பொருள் அனுமதி. அடிப்படை உரிமை மனுக்களைப் பற்றிய செய்திகளில் ‘லீவ் டு புரொசீட்’ என்று வாசித்திருப்பீர்கள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி, அந்த மனுவை மேற்கொண்டு விசாரிக்க உயர் நீதிமன்றம் முதலில் கொடுக்க வேண்டிய அனுமதி அது. வேலைக்கு வராமலிருக்கக் கிடைக்கும் அனுமதியே நம் லீவு. தமிழிலும் ‘விடை’க்கு அனுமதி என்ற பொருள் உண்டு. ‘டேக் லீவ்’ என்பதற்கு ‘விடைபெறுதல்’ அச்சொட்டாகப் பொருந்துவது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

அனுமதி என்பதால்தான் போயா தினம் லீவ் ஆகாது, அது ஹாலிடே. லீவை ஒன்று, இரண்டு என்று எண்ணவும் முடியாது. ‘லீவ்ஸ்’ என்றால் இலைகள், அதனால் “ஐ டுக் டூ லீவ்ஸ்” என்றால் வெள்ளைக்காரர் காதில் இரண்டு இலை எடுத்த மாதிரி விழும். “டூ டேய்ஸ் லீவ்” என்பதே சரி. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி ஒரு வருட சேவை முடித்தவருக்குக் கிடைப்பதும் 14 நாள் ‘ஆனுவல் லீவ்’, 7 நாள் ‘கேசுவல் லீவ்’. அங்கும் ‘லீவ்ஸ்’ இல்லை.

உச்சரிப்பில் ஒன்று. வசிப்பது குறில், ‘லிவ்’. விடுவது நெடில், ‘லீவ்’. குறில் நெடில் படித்து வளர்ந்த நமக்கு இது கஷ்டமே இல்லை, ஆனாலும் “ஐ லீவ் இன் வாழைச்சேனை” என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

அப்புறம், மனேஜரிடம் லீவு கேட்கப் போகும்போது “ஐ ஆம் லீவிங் நெக்ஸ்ட் வீக்” என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் இடத்துக்கு ஆள் தேடத் தொடங்கிவிடுவார். “ஐ ஆம் கோயிங் ஆன் லீவ்” என்று சொல்லுங்கள்.