கடலும் சட்டமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கடலைப் பற்றியவை. கச்சத்தீவு, தென்சீனக் கடல், வங்காள விரிகுடா என்று இடங்கள் மாறினாலும், எழுதி வைத்த சட்டம் கடலுக்குப் போகிறவருக்கு எந்த அளவுக்குத் துணை நிற்கிறது என்ற கவலைதான் எல்லாவற்றிலும் இருக்கிறது.

தென்சீனக் கடல் வழக்கில் பிலிப்பைன்ஸ் வென்றும் சீனா அசையவில்லை. இப்படிப்பட்ட தீர்ப்பால் யாருக்கு என்ன பயன்?

2016 ஜூலை 12 அன்று வந்த அந்தத் தீர்ப்பு, 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் கீழ் அமைந்த ஐவர் நடுவர் மன்றத்தினுடையது. சீனா தன் வரைபடத்தில் இட்ட ஒன்பது கோடுகளுக்குள் அடங்கிய கடலின் வளங்களில் தனக்கு வரலாற்று உரிமை உண்டு என்ற சீனாவின் வாதத்துக்குச் சட்ட அடிப்படை இல்லை என்றும், ஸ்ப்ராட்லி தீவுக் கூட்டத்தில் உள்ள எந்தத் திட்டுக்கும் 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் (கடல் வளங்களில் கரையோர நாட்டுக்குத் தனி உரிமை உள்ள பரப்பு) கோரும் தகுதி இல்லை என்றும் அது கூறியது. தீவுகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை. அதற்கு அந்த மன்றத்துக்கு அதிகாரமும் கிடையாது. சீனா விசாரணையில் கலந்துகொள்ளவில்லை, தீர்ப்பையும் ஏற்கவில்லை.

தீர்ப்பை நிறைவேற்றி வைக்கக் காவல் படை எதுவும் பன்னாட்டுச் சட்டத்துக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் பயன் இருக்கிறது. 2020இல் இந்தோனேசியா ஐ.நா.வுக்கு அனுப்பிய கடிதத்தில் இந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டித் தன் நிலையை உறுதிப்படுத்தியது. 2023 ஜூனில் இந்தியாவும் பிலிப்பைன்சும் வெளியிட்ட கூட்டறிக்கை, தீர்ப்பைப் பின்பற்ற வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறியது. சிறிய நாடுகள் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும்போது கையில் வைத்துக்கொள்ள எழுத்து வடிவில் ஓர் ஆதாரம் கிடைத்திருக்கிறது. அதை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன்.

‘பாரம்பரிய மீன்பிடி உரிமை’ என்று நம் மீனவர்கள் சொல்வதைப் பன்னாட்டுச் சட்டம் ஏற்கிறதா? (இராமேசுவரம் வாசகர்)

ஏற்கிறது. ஆனால் அந்த உரிமை எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன அதே தீர்ப்பில், சீனாவும் பிலிப்பைன்சும் உரிமை கோரும் ஸ்கார்பரோ திட்டு பற்றிய பகுதி உண்டு. அதை நம் கடற்கரைகளில் எல்லோரும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். பிலிப்பைன்ஸ் மீனவர்கள் சிலர், அந்தத் திட்டைச் சுற்றி எந்த மீனை எந்த முறையில் பிடித்து வந்தார்கள் என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். அவற்றை ஆராய்ந்த மன்றம், தலைமுறைகளாக அங்கே தொழில் செய்தவர்களின் உரிமை வேறொரு நாட்டின் 12 கடல் மைல் எல்லைக்குள்ளும் தொடரக் கூடியது என்றும், சீனா அவர்களைத் தடுத்தது தவறு என்றும் கூறியது. அந்த உரிமை அரசுக்கு உரியதன்று, மீனவருக்கும் அவர் சமூகத்துக்கும் உரியது என்றும் விளக்கியது. கூடவே ஒரு வரம்பையும் வைத்தது: அந்தப் பாதுகாப்பு, வட்டார வழக்கப்படி சிறிய அளவில் நடக்கும் கைத்தொழில் மீன்பிடிப்புக்கே உரியது, பெருந்தொழில் முறைக்கு அன்று. கரையோர நாடு நியாயமான ஒழுங்குமுறைகளை விதிக்கவும் செய்யலாம்.

அந்தத் தீர்ப்பு இந்தியாவையோ இலங்கையையோ கட்டுப்படுத்தாது. என்றாலும் அதன் தர்க்கத்தைப் பாக் நீரிணையில் வைத்துப் பாருங்கள். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 கச்சத்தீவு ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடரலாம் என்கிறது. அது மீன்பிடிப்பைக் குறிக்காது என்பது கொழும்பின் நிலை. மன்னார் வளைகுடா எல்லையை வகுத்த 1976ஆம் ஆண்டில் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்கள், இந்தியப் படகுகள் இலங்கைக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று தெளிவாகவே கூறுகின்றன. அந்தக் கடிதங்கள் பாக் நீரிணைக்கும் பொருந்துமா என்று வாதிட இடம் உண்டு.

அந்த வாதத்தில் வென்றாலும் நமக்குக் கிடைப்பது நாட்டுப்படகுக்கும் செவுள்வலைக்குமான உரிமைதான். 1960களுக்குப் பிறகு பரவிய விசைப்படகும், கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடி வலையும் ‘பாரம்பரியம்’ என்ற சொல்லுக்குள் வர மாட்டா. எதிர்க்கரையில் வலை விரிப்பவரும் தமிழர்தான். போர்க்காலத் தடைகளால் நெடுங்காலம் கடலுக்குப் போக முடியாதிருந்து, 2009க்குப் பிறகு மீண்டும் தொழிலுக்குத் திரும்பிய யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவர், மாலையில் விரித்த வலையை விடியலில் எடுக்கப் போகும்போது, இழுவைப் படகு அறுத்துப் போட்ட துண்டுதான் கையில் வருகிறது. அவருக்கும் இதே சட்டம்தான் பேசுகிறது. இலங்கை 2017இல் இழுவை மடியைத் தன் மீனவர்களுக்கும் சேர்த்தே சட்டத்தால் தடை செய்திருக்கிறது. நாட்டுப்படகுகளின் உரிமையைத் தனியே பிரித்துக் கேட்டால் நம் தரப்பு வலுப்படும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லை தாண்டிய மீனவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று கடற்சட்டத்தில் இருப்பதாகப் படித்தேன். அப்படியானால் கைதுகள் எப்படி நடக்கின்றன?

நீங்கள் படித்தது ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 73ஆம் பிரிவு. மீன்பிடிச் சட்டத்தை மீறியவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கக் கூடாது, உரிய பிணையின் பேரில் படகையும் ஆட்களையும் விரைவில் விடுவிக்க வேண்டும் என்று அது சொல்வது சரியே. ஆனால் அது 12 கடல் மைலுக்கு அப்பாற்பட்ட பொருளாதார மண்டலத்துக்கு மட்டுமே பொருந்தும். பாக் நீரிணையோ இரு தரப்பும் வரலாற்று நீர்ப்பரப்பாக, அதாவது நெடுங்கால வழக்கால் தம் நாட்டின் பகுதியாகவே கருதும் குறுகிய கடல். (இந்தக் கருத்து புதிதன்று, சங்குத் திருட்டு வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் 1904லேயே இதை ஏற்றுக்கொண்டது.) ஆகவே அங்கே பிடிபடுபவர் இலங்கையின் உள்நாட்டுச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறார். 73ஆம் பிரிவின் மனிதநேயத்தை இரு நாடுகளும் தம் விருப்பத்தின் பேரில் அங்கேயும் கடைப்பிடிக்கலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

கச்சத்தீவு ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரி இந்தியா பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போகலாமா?

நடைமுறையில் வழியில்லை. இரு தரப்பும் இசைந்தால்தான் அந்த நீதிமன்றம் வழக்கை எடுக்கும். அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று இந்தியா 2019இல் அளித்த அறிவிப்பே காமன்வெல்த் நாடுகளுடனான தகராறுகளை விலக்கி வைத்திருக்கிறது. மேலும், சூழ்நிலை மாறிவிட்டது என்ற காரணத்தால் எல்லை ஒப்பந்தத்தை முறிக்க முடியாது என்கிறது ஒப்பந்தங்கள் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கையின் 62ஆம் பிரிவு.

வங்கதேசம் இந்தியாவை எதிர்த்து வழக்காடி வென்றது என்கிறார்களே?

வங்காள விரிகுடாவின் கடல் எல்லை பற்றிய வழக்கில் வந்த 2014 ஜூலை 7 தீர்ப்பில், தகராறில் இருந்த ஏறத்தாழ 25,600 சதுர கிலோமீட்டரில் 19,467 சதுர கிலோமீட்டர் வங்கதேசத்துக்குக் கிடைத்தது. அதன் கரை அரிவாளின் உட்பக்கம் போல் குழிந்திருக்கிறது. இருபுறத்துக் கரையிலிருந்தும் சம தூரத்தில் கோடு போட்டால், இந்தியாவின் கோடும் மியன்மாரின் கோடும் நடுக்கடலுக்குப் போகும் முன்பே நெருங்கி, வங்கதேசத்தின் பங்கைக் கத்தரித்துவிடும். மியன்மாருடனான வழக்கில் 2012இல் கடற்சட்டத் தீர்ப்பாயமும், இந்த வழக்கில் நடுவர் மன்றமும் அந்தக் கோட்டை வங்கதேசத்துக்குச் சாதகமாகத் திருத்தின. இந்தியா தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. பெரிய நாடு ஒன்று அண்டை நாட்டிடம் கடற்பரப்பை இழந்தும் சட்டத்துக்கு உட்பட்டு நடந்த இந்தச் செயலுக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு இன்னும் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

ரோகிங்கியா அகதிகளின் படகுகளைத் திருப்பி அனுப்புவது சட்டப்படி சரியா?

சரியன்று. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, வங்கதேசம், இந்தியா, இலங்கை ஆகிய எதுவும் 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. அதைச் சொல்லித்தான் அரசுகள் கை விரிக்கின்றன. ஆனால் கடலில் ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றும் கடமை கடற்சட்டத்தின் 98ஆம் பிரிவில் தனியே இருக்கிறது. அது அகதி, குடிமகன் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. துன்புறுத்தல் காத்திருக்கும் இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் வழக்காற்றுச் சட்டமாகிவிட்டது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

2015 மே மாதத்தில் அந்தமான் கடலில் பல ஆயிரம் பேர் உணவும் நீரும் இன்றி மிதந்தபோது, அரசுகள் படகுகளை ஒன்றன் கடலிலிருந்து மற்றதன் கடலுக்குத் தள்ளிவிட்டன. அவர்களில் பல நூறு பேரைத் தம் படகுகளில் ஏற்றிக் கரை சேர்த்தவர்கள் இந்தோனேசியாவின் ஆச்சே மாநில மீனவர்கள். அங்கே ‘பங்ளிமா லாவுட்’ எனப்படும் கடல் தலைவரின் கீழ் மீனவர்களுக்கென்று பழைய கடல் வழக்காறு இன்றும் இருக்கிறது. கடலில் தத்தளிப்பவர் யாராக இருந்தாலும் தூக்கிவிட வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அவர்கள் கரை சேர்த்த பிறகு, மே 20 அன்றுதான் மலேசியாவும் இந்தோனேசியாவும் தற்காலிக அடைக்கலம் தர இசைந்தன.